எண்ணிக்கை தப்பாம ஏறு, தம்பி

வா தம்பி, இப்படி நிழல்ல உக்காரு. மூச்சு வாங்குது பாரு. இளநி வெட்டச் சொல்லட்டா? பசியாறிட்டுத்தானே வந்தே? சரி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. இப்ப மேல போயிட்டு வந்தது நீயா, உன் கையில கட்டியிருக்கிற கடிகாரமா?

ஏன் கேக்குறேன்னா, இறங்கி வந்ததும் நீ முருகனைத் திரும்பிப் பாக்கலை. மணிக்கட்டைத்தான் பாத்தே. நெஞ்சு எத்தனை தடவை துடிச்சுது, எவ்வளவு கொழுப்பு கரைஞ்சுதுன்னு அது சொன்ன பிறகுதான் உன் மூஞ்சியில சிரிப்பே வந்துச்சு. குகையில என்னடா பாத்தேன்னு கேட்டா, "நல்லாருந்துச்சு தாத்தா"ங்குறே. பாதிப் படியில உன் பையைப் பிடிச்சு இழுத்த குரங்கு குட்டி வச்சிருந்துச்சா இல்லையா, சொல்லு பாப்போம். தெரியலையா? அந்தக் குரங்கைக் கேட்டுப் பாரு. உன் பையில வாழைப்பழம் எந்த மூலையில இருந்துச்சுன்னு அது சரியாச் சொல்லும். மைண்ட்ஃபுல்னஸ்னு நீங்க காசு கட்டிப் படிக்கிற சங்கதி, இந்த மலையில அதுக்குத்தான் முழுசா கைவந்திருக்கு.

நான் எழுதப் படிக்கத் தெரிஞ்ச மட்டும் படிச்ச ஆளு. ஆனா என் பேத்தி யுனிவர்சிட்டியில மனோதத்துவம் படிக்குது. ராத்திரி சோறு தின்னும்போது எனக்குப் பாடம் நடத்தும். 2010-ல ஹார்வர்டுல ரெண்டு பேரு ஒரு வேலை பண்ணாங்களாம். 2,250 பேரோட கைப்பேசிக்கு நேரங்கெட்ட நேரத்துல மணியடிச்சு, "இப்ப என்ன செய்யுறே, மனசு அங்கதான் இருக்கா, சந்தோஷமா இருக்கியா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். முழிச்சிருக்கிற நேரத்துல 46.9 விழுக்காடு, மனசு செய்யுற வேலையில இல்லையாம். அப்படி மேயப் போன நேரத்துல ஆளுங்க சந்தோஷமாவும் இல்லையாம்.

பேத்தி சொன்னதும் நான் நம்ம கணக்குக்கு மாத்திப் பாத்தேன். இந்தப் பத்துமலையில படி 272. அதுல 46.9 விழுக்காடுன்னா 127-க்கு மேல வருது. அத்தனை படியை உன் காலு மட்டும் ஏறியிருக்கு, நீ கிள்ளான் சடக்கு ஜாம்ல எவனோ குறுக்க வந்ததை நெனச்சுக்கிட்டு இருந்திருக்கே. 2018-ல இந்தப் படிக்கெல்லாம் பஞ்சவர்ணம் அடிச்சாங்க. போன படி என்ன நிறம்னு கேட்டா முழிக்கிறே. கண்ணைப் பறிக்கிற மாதிரி அடிச்சும் உன் கண்ணு அகப்படலை.

ஆபீஸ்ல எட்டு வார வகுப்பு வச்சிருக்காங்கன்னு சொன்னேல்ல? அதோட பூர்வீகமும் பேத்தி சொல்லிச்சு. 1979-ல ஜான் கபாட்-ஸின்னுன்னு ஒருத்தரு, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில ஆரம்பிச்சது. புத்த மடத்துத் தியானத்துல இருந்து மதத்தைக் கழிச்சு, மூச்சைக் கவனி, உடம்பைக் கவனின்னு, தீராத வலிக்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்தாராம். நல்ல காரியம்தான். எட்டு வாரம்னா 56 நாளு. நம்ம ஒரு மண்டலம் 48 நாளு. எட்டு நாளு கூடப் போனதுக்கு உன் கம்பெனி இவ்வளவு ஃபீஸா கட்டுது? பிரிக்பீல்ட்ஸ்ல, நீ குடியிருக்கிற இடத்துல இருந்து நடக்குற தூரத்துல புத்த மகா விகாரை இருக்கு. 1894-ல இருந்து அங்கதான் இருக்கு. நீ ஒரு நாளாச்சும் உள்ள போயிருக்கியா? வாசல்ல காடியை நிறுத்திட்டு எதிர்ப்பக்கம் வாழையிலைச் சோறு தின்னத்தான் போயிருக்கே.

என்னைக் கேட்டா, எனக்குத் தியானம் சொல்லிக் குடுத்தது கித்தா மரம். சிரிக்காதே. விடியக்காலம் பெரட்டுக்கு நிக்கணும். பேரு கூப்பிட்டதும் நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு, இடுப்புல கொசுவத்தியைத் தொங்கவிட்டுக்கிட்டுக் காட்டுக்குள்ள போவோம். இருட்டுலயே வெட்டணும். வெயில் ஏறுனா மரத்துக்குள்ள தண்ணி அழுத்தம் கொறஞ்சு பால் இறங்காது. ஒரு ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்துலயும் பட்டையைச் சீவுற கனம் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான். கொறைச்சுச் சீவினா பால் வராது. ஒரு மயிரிழை கூடப் போனா உளி உயிர்ப்பட்டையில பட்டுடும். அந்த இடத்துல மரம் முண்டும் முடிச்சுமா வளரும், மறுபடி அங்க உளி வைக்க முடியாது. கிராணி வந்து தடவிப் பாப்பாரு. மரத்துக்குப் பட்ட காயம் மாசக் கடைசியில நம்ம சம்பளத்துல தெரியும்.

உளியில கையை வச்சுக்கிட்டு பொண்டாட்டியோட போட்ட சண்டையை நெனச்சேன்னு வையி, அன்னிக்கு அந்த மரம் காலி. அதனால வெட்டும்போது வெட்டத்தான் முடியும். கோடு கீறினதும் பால் ஒரு சொட்டு நின்னு, யோசிச்சு, அப்புறம் சறுக்கி மங்குல விழும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அடுத்த மரம். முப்பது வருஷம் அப்படி. "மூச்சை உள்ள இழுங்கள், வெளியே விடுங்கள்"னு எந்தப் பொம்பளைக் குரலும் என் காதுல சொன்னதில்லை. சொல்லியிருந்தா நான் மரத்தைக் கெடுத்திருப்பேன்.

அதுக்காகத் தோட்டத்து வாழ்க்கை சொர்க்கம்னு சொல்றேன்னு நெனச்சுக்காதே. காலையில காட்டுல இருந்த மனசு, பொழுது சாஞ்சா கள்ளுக்கடையில இருந்துச்சு. கவனம் பழகினவனெல்லாம் யோக்கியன்னு ஆயிடுமா? கள்ளை ஒரு சொட்டு சிந்தாம ஊத்திக் குடிக்கிறதுலயும் எங்க ஆளுங்களுக்கு அந்தக் கவனம் இருந்துச்சு.

அடுத்தது மைண்ட்செட்டு. நெனப்பு மாறினா உடம்பே மாறும்னு உங்க வகுப்பு வாத்தியார் சொல்றாரு. அதுல கொஞ்சம் நெசம் இருக்கு, சொல்றேன் கேளு. சின்னப் பையனா இருந்தப்ப, பத்துமலைன்னா பத்து மலை இருக்கும்னு நெனச்சு எண்ணினேன். கண்ணை இடுக்கி இடுக்கிப் பாத்து ஏழு வரைக்கும் கண்டுபிடிச்சேன். அப்புறம் ஒரு மலாய்க்காரக் கூட்டாளி சொன்னான், "பாத்து"ன்னா எங்க பாசையில கல்லுடான்னு. அன்னிக்கே என் ஏழு மலையும் காணாமப் போச்சு. பேரைச் சொன்னா மனசு மலையையே முளைக்க வைக்கும்.

என் மருமக கோலாலம்பூர்ல ஒரு ஓட்டல்ல ரூம் கூட்டுறா. மெத்தை தூக்கி, குளியலறை தேச்சு, வண்டி தள்ளி, சாயந்தரம் வந்து காலை நீட்டிக்கிட்டு, "எக்சசைஸ் பண்ணவே நேரமில்லை மாமா"ங்குறா. 2007-ல ஆலியா கிரம், எல்லன் லாங்கர்னு ரெண்டு பொம்பளைங்க அமெரிக்காவுல இதே மாதிரி ஏழு ஓட்டல்ல 84 பேரைப் பிடிச்சாங்களாம். பாதிப் பேருகிட்ட, "நீங்க செய்யுற வேலையே நல்ல உடற்பயிற்சிதான், டாக்டர் சொல்ற அளவுக்கு இருக்கு"ன்னு விளக்கிச் சொன்னாங்க. மத்தவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை. நாலு வாரம் கழிச்சுப் பாத்தா, சொல்லக் கேட்டவங்களுக்கு எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழ கொறஞ்சிருந்துச்சாம், ரத்தக் கொதிப்பு மேல் கணக்குல பத்துப் புள்ளி இறங்கியிருந்துச்சாம். அவங்க அதே வேலையைத்தான் செஞ்சோம்னு சொன்னாங்க. கேட்ட உற்சாகத்துல கொஞ்சம் வேகமாத் தேச்சாங்களோ என்னவோன்னு சந்தேகப்பட்டவங்களும் உண்டு. நான் மருமககிட்ட இதைச் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "அப்படின்னா நம்ம வீட்டையும் நீங்க கூட்டுங்க மாமா, உங்களுக்கும் கொதிப்பு இறங்கும்." அன்னையில இருந்து அந்த ஆராய்ச்சியை நான் வீட்டுல பேசுறதில்லை.

இன்னொண்ணு 2011-ல. அதே கிரம் அம்மா ஆளுங்களுக்கு மில்க் ஷேக் குடுத்தாங்க. ரெண்டு தடவையும் ஒரே சாமான், 380 கலோரி. ஆனா ஒரு தடவை புட்டியில "620 கலோரி, பலே ருசி"ங்குற மாதிரி லேபிள். இன்னொரு தடவை "140 கலோரி, உடம்புக்கு நல்லது"ங்குற மாதிரி. கனமானதுன்னு நெனச்சுக் குடிச்சப்ப ரத்தத்துல பசியைக் கிளப்புற சுரப்பு சட்டுனு இறங்கிச்சாம். நல்லதுன்னு நெனச்சுக் குடிச்சப்ப அவ்வளவா இறங்கலை. வயிறு லேபிளைப் படிக்குது தம்பி!

இப்ப உன் கதைக்கு வருவோம். மாமாக் கடையில உக்காந்து, "தே தாரிக் குராங் மானிஸ்"னு கத்துறே. சீனி கொறைச்சாச்சுன்னு மனசுக்கு ஒரே பெருமை. அவன் கெட்டிப்பாலை ரெண்டு கரண்டிக்குப் பதில் ஒண்ணரை ஊத்துறான். அதைக் குடிச்சுட்டு, நல்ல காரியம் பண்ணின தைரியத்துல ரொட்டி சானாய் ரெண்டு சொல்றே. ரெண்டாவது ரொட்டி வயித்துக்குப் போனது பசியால இல்லை, புண்ணியத்தால.

உடம்பை மனசு தூக்கி நிறுத்துறதை நான் கண்ணால பாத்திருக்கேன். தைப்பூசம் இங்க 1892-ல இருந்து நடக்குது, தம்புசாமிப் பிள்ளை ஆரம்பிச்சு வச்சது. ஆத்துல குளிச்சுட்டு வந்து நிக்கிறவனுக்கு நாக்குல அலகு, முதுகுல கொக்கி, தோள்ல காவடி. உறுமி அடிக்க அடிக்க அவன் ஆடிக்கிட்டே இந்த 272 படியையும் ஏறுறான். மத்த நாள்ல அதே ஆளு லிஃப்டு கெட்டுப்போச்சுன்னு மூணாவது மாடிக்கு ஏற மாட்டான், மேனேஜ்மென்ட்டுக்குக் கடுதாசி எழுதுவான். சைகலாட்டஸ்னு ஒரு கிரேக்கக்காரப் பேராசிரியர், மொரீசியஸ்ல நம்ம ஆளுங்க காவடி எடுக்கிறதை வருஷக்கணக்காப் பாத்துக்கிட்டு இருக்காரு. 2019-ல அவரும் கூட்டாளிகளும் எழுதின ஆராய்ச்சியில, காவடிக்காரங்க உடம்புல கருவி மாட்டி, முன்னும் பின்னும் அளந்து பாத்தாங்க. வியாதிக்காரங்களும் கஷ்டப்படுறவங்களும்தான் கனமான நேர்த்தியை எடுக்கிறாங்களாம். அவ்வளவு குத்தியும் உடம்புக்குக் கெடுதல் தெரியலையாம். அலகு கூடக் கூட, பின்னாடி நல்லாயிருக்கோம்னு அவங்க சொன்னதும் கூடிச்சாம்.

கேக்க நல்லா இருக்குல்ல? எனக்கும் நல்லா இருந்துச்சு. அதான் வம்பு. ஏன்னா அவங்க அளந்து சொன்ன நன்மை மனசு நல்லாயிருக்குன்னு ஆளுங்களே சொன்ன நன்மை. இனிப்பு நீர் இறங்கிப்போச்சுன்னு யாரும் சொல்லலை. நான்தான் என் சௌகரியத்துக்குச் சேத்துக்கிட்டேன்.

என் திருட்டுத்தனத்தையும் சொல்லிடுறேன், உன் தாத்தனாச்சே. எனக்கு இனிப்பு நீர் வந்து பதினஞ்சு வருஷம். அரசாங்கக் கிளினிக்குல தேதி குடுப்பாங்க. தேதிக்கு மூணு நாள் முன்னாடி நான் பத்தியம் பிடிப்பேன். கோப்பி ஓ கொசோங், ராகிக் கூழு, கோயிலுக்கு நடை. வெறும் வயித்துல விரல்ல குத்திப் பாத்தா அளவு அழகா இருக்கும். மிஸ்ஸி, "பாகுஸ், அங்கிள்"னு பாராட்டும். வெளிய வந்ததும் நேரா மாமாக் கடை. பத்து நாள் மாத்திரையை மறந்துட்டேன்னு வச்சுக்க, மனசு தைரியமா இருந்தா போதும்னு நானே எனக்கு டாக்டர். முருகன் இருக்கான், மனசு தெளிவா இருக்கு, கித்தா வெட்டின உடம்பு வேற.

ஒரு நாள் மிஸ்ஸி கையில இருந்து கொஞ்சம் கூடுதலா ரத்தம் எடுத்துச்சு. அடுத்த தடவை டாக்டர் பொண்ணு காகிதத்தைப் பாத்துட்டு என்னைப் பாத்துச்சு. மறுபடி காகிதத்தைப் பாத்துச்சு. "அங்கிள், இது மூணு மாசச் சீனிக் கணக்கு. மூணு நாளு நல்ல பிள்ளையா இருந்தா இதுக்குத் தெரியாது"ன்னு சொல்லிச்சு. ரத்தத்துல ஓடுற சிவப்பணு மேல சீனி ஒட்டிக்குமாம், அந்த அணு சாகுற வரைக்கும் உரிஞ்சு போகாதாம். எண்பது நாளு நான் குடிச்ச கெட்டிப்பாலு அத்தனையும் அங்க பதிவாகியிருந்துச்சு. சித்திரகுப்தனுக்கு இப்ப கிளினிக்குல வேலை போல. அப்புறம் கட்டை விரல்ல ஒரு புண்ணு, செருப்பு கடிச்சது. ஆறாம நாலு மாசம் என்னை ஆட்டிவச்சுது. காலு மரத்துப்போனதால, கடிச்சதே எனக்குத் தெரியலை. ஒரு மில்லிப் பட்டையை இருட்டுல அளந்த ஆளுக்குத் தன் கால்ல இருந்த ஓட்டை தெரியலை, பாத்தியா!

இது என் ஒருத்தன் கதையில்லை. 2019-ல சுகாதார அமைச்சு நாடு முழுக்க எடுத்த கணக்குல, பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுக்கு இனிப்பு நீர். நம்ம இந்தியருங்களை மட்டும் எடுத்தா 31.4. மூணு பேரு தைப்பூசத்துல சேந்து போட்டோ எடுத்தா, ஒருத்தன் என்னைய மாதிரி. அவன் பாதி நேரம் தனக்கு இல்லைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருப்பான். பாசிட்டிவா நெனைக்கிறதுன்னா இதுதான்னு நீ நெனச்சுடாதே.

சாமியார் பேச்சைத்தான் கேப்பேன்னு நீ அடம்பிடிச்சா, அதுக்கும் ஒரு ஆளு இருக்காரு. திருநெல்வேலி பத்தமடையில 1887-ல பிறந்த குப்புசாமி. டாக்டர். 1913-ல மலாயாவுக்கு வந்து சிரம்பான் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில வேலை பாத்தாரு, அப்புறம் ஜொகூர்ல. பத்து வருஷம் நம்ம தோட்டத்து ஆளுங்க நாடியைப் பிடிச்சவரு. 1923-ல எல்லாத்தையும் விட்டுட்டு வடக்கே போயி, ரிஷிகேசத்துல சுவாமி சிவானந்தர் ஆனாரு. உலகமெல்லாம் யோகாவும் தியானமும் போனதுல அவரு பங்கு பெருசு. இந்தப் பத்துமலையிலயே அவரு பேருல ஆசிரமம் இருக்கு. போற வழியில பாத்திருப்பே, பாத்தும் பாத்திருக்க மாட்டே.

அவரு துறவி ஆன பிறகு என்ன பண்ணாரு தெரியுமா? கையில வந்த இன்சூரன்சு காசுல 1927-ல லட்சுமண ஜூலா பக்கத்துல ஏழைங்களுக்கும் சாதுங்களுக்கும் ஒரு தரும மருந்தகம் திறந்தாரு. காய்ச்சலோட வந்த சாதுவைப் பாத்து, "பாசிட்டிவா நெனையும்"னு திருப்பி அனுப்பலை. மருந்து குடுத்தாரு. தியானம் தெரிஞ்ச டாக்டரே மருந்துப் புட்டியை மூடி வைக்கலைன்னா, பால் வெட்டுன நானும் ரிப்போர்ட் டைப் பண்ற நீயும் மூடிவைக்க யாரு? இன்னொண்ணு. பத்தமடை கோரைப்பாய்க்குப் பேர் போன ஊரு. அந்த ஊரு யோகியோட யோகாவைச் செய்ய நீ எரநூறு வெள்ளிக்கு ரப்பர் பாய் வாங்கியிருக்கே. போகட்டும், ரப்பர்னா எங்களுக்கும் லாபம்தான்.

சரி, காசில்லாம நாலு வார்த்தை சொல்றேன். சோறு தின்னும்போது போனைக் கவுத்து வை. முதல் நாலு வாயையாச்சும் மென்னு தின்னு, வயிறு போதும்னு சொல்றது அப்பத்தான் காதுல விழும். ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் தடவிப் பாரு. நான் இப்ப தினமும் பாக்குறேன், எனக்கு அதுதான் சந்தியாவந்தனம். கோவம் வந்தா, வந்திருக்குன்னு தெரிஞ்சுக்க, தெரிஞ்சதும் பாதி கீழ இறங்கும். மீதிப் பாதியை உன் மேனேஜர் வச்சுக்கட்டும்.

அப்புறம், படி ஏறும்போது எண்ணு. நான் நாப்பது வருஷமா எண்ணுறேன். உண்மையைச் சொல்லட்டா? ஒரு தடவைகூட 272 வந்ததில்லை. 268 வரும், 275 வரும். ஒரு தைப்பூசத்துல 301 வந்துச்சு, அன்னிக்கு எதை நெனச்சேன்னு இப்ப சொல்ல மாட்டேன். முன்னெல்லாம் கணக்குத் தப்பினா என் மேலயே எரிச்சல் வரும். இப்ப தப்பின இடத்துல நிக்கிறேன். மனசு எங்க போச்சுன்னு பாக்குறேன். பெரும்பாலும் எவனோ தர வேண்டிய காசுகிட்டதான் போயிருக்கும். கூட்டிக்கிட்டு வந்து அடுத்த படியில வைக்கிறேன். உங்க எட்டு வார வகுப்புல கடைசி வாரமும் இதைத்தான் சொல்லுவாங்க, கேட்டுட்டு வந்து சொல்லு.

எந்திரி. இன்னொரு தடவை ஏறு. கடிகாரத்தைக் கழட்டி என்கிட்ட குடு, பயப்படாதே, எங்கயும் ஓட மாட்டேன். நீ மேல போயிட்டு வர்றதுக்குள்ள நான் அதைக் கட்டிக்கிட்டு இளநிக் கடை வரைக்கும் நாலு நடை போறேன், உன் கணக்குல ஏறட்டும். எண்ணிக்கை என்ன வந்துச்சுன்னு இறங்கினதும் சொல்லு. சரியா 272-ன்னு சொன்னியோ, பொய் சொல்றேன்னு எனக்குத் தெரிஞ்சுடும். வர்ற செவ்வாய்க்கிழமை எனக்குக் கிளினிக்குல தேதி இருக்கு, நீயும் கூட வா. ஒரு வெள்ளி கட்டி ரத்தம் குடு. முப்பது தாண்டிடுச்சு, உன் அப்பனுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. முன்கூட்டி மூணு நாள் பத்தியம் மட்டும் பிடிக்காதே. நான் பிடிச்சுப் பாத்துட்டேன், பலிக்காது.